எடை குறைந்த .300 மேக்னம்: 150-ஆ, 165-ஆ, 180-ஆ?

#1 மலைச்சரிவு

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி, இங்கே கேட்டால்தான் தெளியும்.

என்னிடம் இருப்பது .300 வின்செஸ்டர் மேக்னம், அதாவது வெடிமருந்து கூடுதலாகப் பிடிக்கும் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. வெறும் துப்பாக்கி 6.5 பவுண்டு. ஸ்கோப், மவுண்ட், வார், மேகசினில் தோட்டா எல்லாம் சேர்த்து 7.5 பவுண்டு, அதாவது சுமார் 3.4 கிலோ. பேரல் 24 அங்குலம், பென்சில் பேரல் என்பார்களே அந்த ரகம். பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மலையில் ஏறி இறங்கும் வேட்டைக்காகவே எடை பார்த்து எடுத்தது. தோளில் போட்டு நடக்க அருமையாக இருக்கிறது. ஆனால் 180 கிரெயின் (குண்டின் எடை; 7,000 கிரெயின் ஒரு பவுண்டு) தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அதே தோளைப் பதம் பார்க்கிறது.

பெரும்பாலும் மியூல் மான். அனுமதி கிடைக்கும் பருவத்தில் எல்க். 300 கஜத்துக்கு மேல் சுடும் எண்ணம் இல்லை. 150 கிரெயினுக்கு இறங்கினால் உதை குறையும், பாதையும் தட்டையாகும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், மேக்னத்தில் 150 போடுவதற்கு மேக்னமே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

#2 கனமேபலம்

இரண்டாமவர் சொன்னதுதான் சரி நண்பரே. மேக்னம் வாங்குவதே கனமான குண்டை வேகமாக அனுப்பத்தான். .308 விட்டத்தில் 150 கிரெயின் குண்டின் குறுக்கடர்த்தி (பவுண்டு எடையை அங்குல விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு) 0.226. 165-க்கு 0.248. 180-க்கு 0.271. 200-க்கு 0.301. குறுக்கடர்த்தி கூடக் கூட உள்ளே போகும் ஆழம் கூடும். எல்க் எப்போதும் பக்கவாட்டில் நின்று காட்டாது. சாய்ந்து நிற்கும், பின்பக்கம் காட்டி நிற்கும். தோள் எலும்பைத் தாண்டி நெஞ்சுக்குள் போக வேண்டுமென்றால் எடை வேண்டும்.

என் ஓட்டு 200-க்கு. உதை தாங்கவில்லை என்றால் 180. அதற்குக் கீழே வேண்டாம்.

#3 நீள்குழல்

மலைச்சரிவு, நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். உதை ஒன்று, குண்டு செய்யும் வேலை இன்னொன்று. முதலில் உதையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

துப்பாக்கி பின்னால் வரும் வேகம் கண்டுபிடிக்க: குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். வெடிமருந்தின் எடையை வினாடிக்கு 4,700 அடியால் பெருக்குங்கள் (எரிந்த வாயு பேரலின் வாயிலிருந்து வெளியேறும் வேகத்துக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது). இரண்டையும் கூட்டி 7,000-ஆல் வகுத்தால் கிரெயின் பவுண்டாகிவிடும். அதைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் உதையின் வேகம். அதிலிருந்து ஆற்றல் எளிது.

உங்கள் 7.5 பவுண்டு துப்பாக்கியில், முழு வேகத் தோட்டாக்களுக்கு:

150 கிரெயின், 3,250 அடி வேகம், மருந்து சுமார் 76 கிரெயின்: 30 அடி-பவுண்டு.
180 கிரெயின், 2,950 அடி வேகம், மருந்து சுமார் 72 கிரெயின்: 32 அடி-பவுண்டு.
200 கிரெயின், 2,800 அடி வேகம், மருந்து சுமார் 70 கிரெயின்: 33-க்குச் சற்று மேல்.

பார்த்தீர்களா? 150-க்கும் 200-க்கும் நடுவே 50 கிரெயின் வித்தியாசம், உதையில் வருவது மூன்று அடி-பவுண்டு சொச்சம்தான். ஏனென்றால் குண்டு இலேசானால் அதை வேகமாகத் தள்ள மருந்து கூடுகிறது. குறைந்த எடையை மருந்தும் வேகமும் சேர்ந்து திரும்ப ஈடுகட்டிவிடுகின்றன.

இப்போது அதே 180 தோட்டாவை 9 பவுண்டு துப்பாக்கியில் வைத்துப் பாருங்கள். 26.6 அடி-பவுண்டு. ஒன்றரை பவுண்டு எடை ஐந்து அடி-பவுண்டுக்கு மேல் குறைத்துவிட்டது. உதையின் வேகமும் வினாடிக்கு 16.6 அடியிலிருந்து 13.8-க்கு இறங்குகிறது. தோளுக்குச் சுருக்கென்று தெரிவது அந்த வேகம்தான். ஒரே ஆற்றலாக இருந்தாலும் கனத்த துப்பாக்கி தள்ளும், இலேசான துப்பாக்கி குத்தும்.

ஆக, உதைக்காக முழு வேக 150-க்கு மாறுவதில் பெரிய பலன் இல்லை. குண்டின் எடையை வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். உதையை வேறு வழியில் கவனியுங்கள்.

#4 மலைச்சரிவு

நீள்குழல் ஐயா, மிக்க நன்றி. குண்டு இலேசானால் உதையும் பாதியாகிவிடும் என்ற நினைப்பில் இருந்தேன், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சரி, உதையை ஓரமாக வைப்போம். தட்டையான பாதை என்கிறார்களே, அதில் 150-க்கு உண்மையிலேயே லாபம் உண்டா?

#5 நீள்குழல்

உண்டு, ஆனால் உங்கள் தூரத்துக்கு அது பெரிதில்லை. நல்ல கூர்முனைக் குண்டுகளையே இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு 200 கஜத்தில் ஜீரோ செய்தால் (குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பை அமைத்தால்), 300 கஜத்தில் 180 சுமார் 6.5 அங்குலம் இறங்கும், 150 அதைவிட ஓர் அங்குலம் போலக் குறைவாக இறங்கும். 400-ல் வித்தியாசம் மூன்று அங்குலம் சுற்றி. மானின் நெஞ்சுப் பகுதியின் உயரத்தோடு ஒப்பிட்டால் 300-ல் அந்த ஓர் அங்குலம் கணக்கிலேயே வராது.

இன்னொன்று. 180-ஐ 100 கஜத்தில் இரண்டரை அங்குலம் மேலே படும்படி வைத்தால் 250 கஜத்தில் ஜீரோவாகும், 300-ல் மூன்று அங்குலம் போலக் கீழே. அதாவது உங்கள் முழு எல்லைக்கும் நெஞ்சின் நடுவில் குறுக்குக்கோட்டை வைத்தால் போதும், ஸ்கோப் குமிழைத் தொடவே வேண்டாம்.

பேரலின் வாயில் ஆற்றலும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 3,500 அடி-பவுண்டு பக்கம். தூரம் போகப் போக 180 தன் வேகத்தைக் கொஞ்சம் நன்றாகக் காப்பாற்றும், 400 கஜத்தில் ஆற்றலில் சற்று முந்தும். காற்றில் ஒதுங்குவதும் சற்றுக் குறைவு. 300-க்குள் சுடுபவருக்கு இரண்டுமே முடிவை மாற்றும் அளவில்லை.

#6 செம்புமுனை

எல்லோரும் எடையைப் பேசுகிறீர்கள். மேக்னத்தில் எடைக்கு முன்னால் பார்க்க வேண்டியது குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது.

மேக்னம் குண்டுக்குச் சோதனை தூரத்தில் இல்லை, பக்கத்தில்தான். 300 கஜத்துக்குத் தயாராகப் போகிறோம், மான் 50 கஜத்தில் புதரிலிருந்து எழுந்து நிற்கும். முழு வேக 150 அந்த இடத்தில் 3,100 அடிக்கு மேல் வேகத்தோடு மோதும். உறைக்குள் ஈயம் ஊற்றிய சாதாரணக் குண்டு, தோள் எலும்பில் அந்த வேகத்தில் பட்டால் சிதறிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. மேலே பெரிய காயம், உள்ளே ஆழம் இல்லை. விலங்கு ஓடிவிடும், பிறகு எங்கோ கிடந்து சாகும். வேட்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய வேதனை இல்லை.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1946-ல் ஜான் நோஸ்லர் மூஸ் வேட்டைக்குப் போனபோது அவர் கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். சேறு காய்ந்து ஒட்டியிருந்த அந்த விலங்கின் உடம்பில் அவருடைய குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. திரும்பி வந்து அவர் செய்ததுதான் நடுவில் தடுப்புச்சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு. முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி சுவருக்குப் பின்னால் முழுசாக நின்று உள்ளே போகும். 1948-ல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. அவர் கண்ட தீர்வு எடையைக் கூட்டுவது இல்லை, குண்டின் வயிற்றுக்குள் கை வைத்தது.

அதற்குப் பிறகு ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய குண்டுகள் வந்தன, அக்யூபாண்ட், ஏ-ஃப்ரேம் மாதிரி. 1980-களின் கடைசியில் பார்ன்ஸ் நிறுவனம் முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. செம்புக் குண்டு நான்கு இதழாக விரியும். பெரும்பாலும் தன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் கையில் மிஞ்சும். அதனால் கனமேபலம் சொன்ன குறுக்கடர்த்திக் கணக்கு சுடுவதற்கு முன்னால் இருக்கும் குண்டுக்குத்தான் பொருந்தும். உள்ளே போனபின் பாதி எடையை இழந்த 180-ஐ விட, முழு எடையும் வைத்திருக்கும் 150 செம்பு ஆழமாகப் போகும்.

என் பரிந்துரை: ஈயம் என்றால் ஒட்டிய 180. செம்பு என்றால் ஒரு படி இறங்கி 165.

#7 கனமேபலம்

செம்புமுனை, குண்டின் கட்டமைப்பு முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் செம்பில் ஏன் 165-க்கு இறங்க வேண்டும்? 180 செம்பும்தானே கிடைக்கிறது? ஆழம் இன்னும் கூடாதா?

#8 செம்புமுனை

நல்ல கேள்வி. மூன்று காரணம்.

செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 9 கிராம், ஈயம் 11.3. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகும். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் குப்பியில் குண்டைப் பிடிக்கும் கழுத்தின் நீளம் 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டத்தைவிடக் குட்டை. தோட்டாவின் மொத்த நீளமும் 3.340 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். நீளமான குண்டைக் கழுத்துக்குள் ஆழமாக அமுக்கி வைத்தால் மருந்துக்கான இடத்தை அதுவே தின்றுவிடும். குட்டை ஆக்‌ஷன் மேக்னங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்தது முறுக்கு. குண்டை நிலையாகச் சுழற்ற எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதை எடையை விட நீளம்தான் தீர்மானிக்கும். பத்து அங்குல முறுக்குக்கு 165, 180 செம்பு பிரச்சினை இல்லை. 200-க்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். செம்பு விரிய வேகம் வேண்டும். பொதுவாக வினாடிக்கு 2,000 அடிக்குக் கீழே மோதினால் சரியாக விரியுமா என்று நம்ப முடியாது. தயாரிப்பாளர் தரும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஈயக் குண்டு 1,800-லும் விரியும். இலேசான செம்பு வேகமாகக் கிளம்புவதால் தூரத்திலும் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கும். செம்புக்கு வேகம்தான் நண்பன், ஈயத்துக்கு அதே வேகம்தான் பகை.

ஈயத்துகள் இறைச்சியில் கலக்காது என்பதும் எனக்குப் பெரிய விஷயம். வீட்டில் குழந்தைகளுக்குப் பரிமாறுகிற இறைச்சி அது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு மட்டுமே. வேட்டையாடும் இடத்துச் சட்டத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

#9 கனமேபலம்

ஒப்புக்கொள்கிறேன், செம்பில் 165 போதும். ஈயம் என்றால் என் 200-ஐ விடமாட்டேன், அதற்கும் காரணம் இருக்கிறது. பக்கத்தில் மோதும் வேகம் குறைவதால் இறைச்சி பாழாவது குறைகிறது. இலேசான வேகமான குண்டு பட்ட தோளைத் தோலுரித்துப் பார்த்திருக்கிறீர்களா? எலும்பைச் சுற்றி இரத்தம் கட்டிக் கூழாகி, முன்னங்கால் பக்கமே தூக்கி எறிய வேண்டியதாக இருக்கும். தசைப் படலங்களுக்கு நடுவே இரத்தம் விரல் நீளத்துக்கு ஓடிப் பரவியிருக்கும், காயத்தைவிட அந்தப் பரவல்தான் பெரியது. 200 கிரெயின் ஒட்டிய குண்டு 2,700 சொச்சத்தில் போனால் ஓட்டை சுத்தமாக இருக்கும், அதை ஒட்டிய இறைச்சிகூடச் சாப்பிடக் கிடைக்கும்.

மியூல் மானுக்கு 200 அதிகம் என்பார்கள். அதிகம்தான். ஆனால் அதிக எடை இறைச்சியைக் கெடுப்பதில்லை, அதிக வேகம்தான் கெடுக்கிறது.

#10 வேட்டைக்காரி

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மலைச்சரிவு தம்பி, உங்கள் முதல் கேள்வி உதை. அதை ஓரமாக வைத்துவிட்டீர்கள், நான் திரும்ப எடுக்கிறேன். ஏனென்றால் 150, 165, 180 என்று எதைப் போட்டாலும் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டால் ஒரு பலனும் இல்லை.

நானும் எடை குறைந்த மேக்னம்தான் வைத்திருக்கிறேன். பொதுவாக 20 அடி-பவுண்டைத் தாண்டினாலே நிறையப் பேருக்கு உடம்பு தானாகத் திடுக்கிட ஆரம்பிக்கும். நீங்கள் 32-ல் நிற்கிறீர்கள். "எனக்குப் பழகிவிட்டது" என்று தோன்றும். சோதித்துப் பாருங்கள்: நண்பர் ஒருவரை உங்கள் பார்வைக்குப் படாமல் தோட்டா போடச் சொல்லுங்கள். சில முறை நல்ல தோட்டா, சில முறை டம்மி. எது உள்ளே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மி வரும்போது பேரலின் முனையைக் கவனிக்கச் சொல்லுங்கள். விசை "டிக்" என்றதும் முனை கீழே முங்கினால் நீங்கள் உதைக்கு முன்பே தோளை முன்னால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அந்த முங்கல்தான் 200 கஜத்தில் மானைத் தவறவிடும், குண்டின் எடை இல்லை.

எனக்கு உதவியவை: நல்ல மென்மையான உதைத்திண்டு. தோளில் வைக்கும் கட்டையின் நீளம் என் கைக்குச் சரியாக. மேசையில் படுத்துச் சுடுவதை விட்டு, நின்றும் உட்கார்ந்தும் சுடுவது. மேசையில் உடம்பு பின்னால் போக இடமே இல்லை, முழு உதையும் தோளில் நிற்கும். நின்றால் உடம்பு சேர்ந்து ஆடி அதை வாங்கிக்கொள்ளும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு, அறையில் தோட்டாவே இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, விசைப் பயிற்சி. அப்புறம் .22-ல் நிறையச் சுடுங்கள். மேக்னத்தில் ஒரு நாளைக்குக் கொஞ்சம் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் கெட்ட பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஸ்கோப்பும் பாருங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், நாலு இருந்தால் நல்லது. மேல்நோக்கிச் சரிவில் சுடும்போது முகம் முன்னால் வந்துவிடும், புருவம் கிழிவது அப்போதுதான்.

#11 புதுத்தோட்டா

அக்கா, பேரலின் வாயில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கும் துண்டு) போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

#12 வேட்டைக்காரி

உதை நன்றாகவே குறையும் தம்பி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட. ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பிச் சுடுபவர் காதுக்கும், பக்கத்தில் இருப்பவர் காதுக்கும் வரும். மேக்னத்தின் சத்தம் பிரேக் இல்லாமலே 160 டெசிபலைத் தாண்டும். வேட்டையில் மான் வந்த அவசரத்தில் காதுமூடியைத் தேட யாரும் நிற்பதில்லை. ஒரே தடவையில் போன கேட்கும் திறன் திரும்பாது. கழற்றி மாட்டும் பிரேக் என்றால் பயிற்சிக்கு மட்டும் போட்டு, வேட்டைக்குக் கழற்றலாம். ஆனால் கழற்றினால் குண்டு படும் இடம் மாறும், மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும். நான் போடவில்லை. போடுபவர்கள் மின்னணுக் காதுமூடியை வேட்டை முழுக்கத் தலையிலேயே வைத்திருக்கட்டும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் சப்ரஸ்ஸர் (சத்தம் குறைக்கும் குழல்) இதைவிட நல்லது, நீளமும் முன்பாரமும் கூடும் என்பதைத் தவிர.

#13 புதுத்தோட்டா

நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம், நீள்குழல் ஐயாவுக்கு. உங்கள் கணக்கில் மருந்துக்கு ஏன் அவ்வளவு பங்கு? மருந்தையே குறைத்துவிட்டால் என்ன?

#14 நீள்குழல்

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைவிட வேகமாக வெளியேறுகிறது. 180 தோட்டாவில் உதையின் தள்ளலில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த வாயுவினுடையது. சின்னத் தோட்டாக்களில் அந்தப் பங்கு குறைவு. மேக்னம் உதைப்பதற்குப் பெரிய காரணமே அதுதான்.

அதே 150 கிரெயின் குண்டை 3,250-க்குப் பதில் 2,750 அடி வேகத்தில், நாலில் ஒரு பங்கு போல மருந்து குறைத்து அனுப்பினால் உங்கள் 7.5 பவுண்டு துப்பாக்கியில் உதை 19 அடி-பவுண்டு. முப்பதிலிருந்து பத்தொன்பது! இலேசான குண்டு உதையைக் குறைக்கும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சரி. குண்டும் குறைய வேண்டும், வேகமும் குறைய வேண்டும்.

ஆனால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மேக்னத்துக்குப் பயன்படும் மெதுவாக எரியும் மருந்துகளை இஷ்டத்துக்குக் குறைக்கக்கூடாது. பாதி நிரம்பிய குப்பியில் அவை தாறுமாறான அழுத்தம் காட்டியிருக்கின்றன. குறைப்பதற்கென்றே தயாரிப்பாளர் வழிமுறை தந்திருக்கும் மருந்தில்தான் செய்ய வேண்டும். மருந்து தயாரிக்கும் ஹாட்ஜ்டன் தன் எச்4895-க்கு அப்படி ஒரு வழிமுறை தருகிறது. கையேட்டில் இருக்கும் எல்லைக்குள், கையேட்டின்படி மட்டும். நான் மேலே போட்டது உதைக் கணக்கு, தயாரிப்புக் குறிப்பு இல்லை.

#15 மட்டுறுத்துநர்

நீள்குழல் சொன்ன கடைசி வரியை எல்லோரும் கவனியுங்கள். குறிப்பிட்ட மருந்து அளவுகளைத் தயாரிப்புக் குறிப்பாக இந்த இழையில் பதிய வேண்டாம். அச்சிட்ட கையேடுதான் ஆதாரம். விவாதம் தொடரட்டும்.

#16 கனமேபலம்

150-ஐ 2,750-ல் அனுப்பினால் அது .308 வின்செஸ்டர் தரும் வேகத்துக்கும் கீழே. அப்படியானால் மேக்னம் எதற்கு என்ற கேள்வி மறுபடி வருகிறதே?

#17 நீள்குழல்

வேட்டைக்கு இல்லை, பயிற்சிக்கு. அதே துப்பாக்கி, அதே விசை, அதே கட்டை. ஆள் மட்டும் திடுக்கிடாமல் பழகிக்கொள்கிறார். மியூல் மானுக்கு 200 கஜத்துக்குள் அந்தத் தோட்டாவே தாராளமாகப் போதும் என்பது வேறு. எல்க் பருவத்தில் முழு வேக 180-க்கோ 165 செம்புக்கோ மாறலாம். மேக்னம் இருப்பதால் எப்போதும் மேக்னமாகவே சுட வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை.

ஆனால் இரண்டு தோட்டா வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் தனித்தனி ஜீரோ. மெலிந்த பேரல்களில் இது சின்ன விஷயம் இல்லை. எடை மாறினால் பேரல் அதிரும் விதம் மாறும். 100 கஜத்தில் இரண்டு குண்டும் சில அங்குலம் தள்ளிப் படலாம், மேலே கீழே மட்டும் இல்லை, இடது வலதாகவும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். பருவம் தொடங்கும் முன் வேட்டைத் தோட்டாவுக்கு ஜீரோ வைத்துவிட்டு, பயிற்சித் தோட்டாக்களைப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் ஒரு நாள் மாறிப்போகும்.

#18 புதுத்தோட்டா

என்னிடம் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், எடையும் இதேபோலத்தான். இந்தப் பேச்சு அதற்கும் பொருந்துமா?

#19 செம்புமுனை

பொருந்தும். 1962-ல் வந்த தோட்டா, .300 வின்செஸ்டருக்கு ஒரு வருடம் மூத்தது. அதில் 160 கிரெயினின் குறுக்கடர்த்தி 0.283, .308-இன் 180-ஐவிடக் கூட. மருந்தும் சற்றுக் குறைவு, உதையும் குறைவு. ஒட்டிய ஈயம் என்றால் 160, செம்பு என்றால் 140 அல்லது 150. உங்கள் பேரலின் முறுக்கு ஒன்பதரை அங்குலம் என்றால் 175-க்கு மேலே வரும் நீண்ட மெலிந்த குண்டுகளைத் தொடாதீர்கள், அவை வேகமான முறுக்குக்குச் செய்தவை.

#20 மலைச்சரிவு

எல்லோருக்கும் நன்றி. ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டேன். வேட்டைக்கு 165 செம்பு அல்லது 180 ஒட்டிய குண்டு, இரண்டில் என் பேரலுக்கு எது பிடிக்கிறதோ அது. மானுக்கும் எல்க்குக்கும் ஒரே தோட்டா. பயிற்சிக்கு வேகம் குறைந்த 150.

மெலிந்த பேரலில் எது பிடிக்கிறது என்று எப்படிச் சோதிப்பது? மூன்று குண்டுக்கு மேல் போனால் குரூப் (ஓட்டைகளின் கூட்டம்) மேலே ஏறிக்கொண்டே போகிறது.

#21 நீள்குழல்

அது பேரல் சூடாவதால். மெலிந்த குழலுக்கு வெப்பத்தை வாங்கிவைக்க உலோகம் இல்லை. மூன்று சுட்டு நிறுத்துங்கள், கையால் தொட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை போல்ட்டைத் திறந்து வைத்து விடுங்கள். பிறகு அடுத்த மூன்று. ஒரே நாளில் பத்து குண்டு குரூப் என்பது இந்தத் துப்பாக்கிக்கான பரீட்சை இல்லை.

உங்களுக்கு வேண்டியது குளிர்ந்த பேரலின் முதல் குண்டு எங்கே போகிறது என்பது. வேட்டையில் நடப்பது அதுதான். வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த பேரலில் முதல் குண்டை மட்டும் ஒரே அட்டையில் சுட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்த அட்டையில் எந்தத் தோட்டாவின் ஓட்டைகள் நெருக்கமாக, மையத்தில் சேர்கின்றனவோ அதை எடுங்கள். இன்னொரு தோட்டா சூடான பேரலில் அழகான குரூப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

சோதிப்பதற்கு முன் கட்டைத் திருகுகளும் ஸ்கோப் மவுண்ட் திருகுகளும் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலேசான மேக்னம் திருகுகளைத் தளர்த்திவிடும். குண்டைக் குறை சொல்வதற்கு முன் அங்கே பாருங்கள்.

#22 வேட்டைக்காரி

மேகசினையும் பாருங்கள் தம்பி. முதல் குண்டைச் சுடும்போது கீழே இருக்கும் தோட்டாக்கள் உதையில் முன்சுவரில் போய் மோதும். மென்முனை ஈயம் என்றால் நசுங்கித் தட்டையாகும், சரியாகப் பிடிக்காத குண்டு கழுத்துக்குள் அமுங்கிவிடும். ஒரே தோட்டாவை மேகசினின் அடியில் வைத்துவிட்டு மேலே மூன்று சுடுங்கள், பிறகு அதை எடுத்து நீளத்தை அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் முனை உள்ள செம்புக் குண்டுகள் இதில் நன்றாகத் தாங்குகின்றன.

#23 மலைச்சரிவு

அதை இந்த வாரமே அளந்து பார்க்கிறேன் அக்கா. இரண்டு தோட்டாவிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்திருக்கிறேன். திருகுகளைச் சரிபார்த்துவிட்டு, குளிர்ந்த பேரல் அட்டையைத் தொடங்குகிறேன். ஓட்டைகள் சேர்ந்ததும் படத்தோடு இங்கேயே பதிகிறேன்.